மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் எந்தத் தீர்ப்புத் தளம் வாங்குவது?

கேள்வி: சீனியரிடமிருந்து விலகி மூன்று மாதமாகத் தனியாக வழக்கு நடத்துகிறேன். தென்மாவட்டம், தாலுகா நீதிமன்றம். பெரும்பாலும் செக் கேஸ், விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு, அவ்வப்போது ஜாமீன் மனு. சீனியர் அலுவலகத்தில் பெரிய தளம் ஒன்றின் முழுச் சந்தா இருந்தது. இப்போது இந்தியன் கானூன் என்ற இலவசத் தீர்ப்புத் தளத்தை வைத்து ஓட்டுகிறேன். போன வாரம் நான் கொடுத்த சைட்டேஷனை (ஆதாரமாகக் காட்டும் பழைய தீர்ப்பு), "அது இப்போது நிற்காது" என்று சொல்லி எதிர்த்தரப்பு மடக்கிவிட்டார். வாதம் பாதியில் நிற்கிறது. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் முழுத் தொகுப்பையும் மூன்று வருடத்துக்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்கிறார். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் தாங்காது. எதை வாங்கலாம்? ஏஐ கருவிகளை நம்பலாமா?
– ஓர் இளம் வழக்கறிஞர்

பதில்:

முதலில், அந்த மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குக் குறைவாக இருந்தது தீர்ப்பு அல்ல. தீர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அது இன்னும் நிற்கிறதா என்று பார்க்கத்தான் வழியில்லாமல் போனது. தேடுவது வேறு வேலை, சரிபார்ப்பது வேறு வேலை. முதலாவதற்கு இன்று ஏறக்குறைய காசே வேண்டாம். உங்கள் ஆயிரம் ரூபாய் முழுவதும் இரண்டாவதற்குப் போகட்டும்.

உங்களை மடக்கியது எந்தத் தீர்ப்பு என்று நீங்கள் எழுதவில்லை. செக் கேஸில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். எந்த ஊர் நீதிமன்றத்தில் புகார் போடுவது என்று தேடினால் தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்குத்தான் முதலில் வந்து விழும். 2014 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னது. காசோலை எந்த வங்கிக் கிளைமீது எழுதப்பட்டதோ அந்த ஊரில்தான் வழக்கு என்கிறது. படித்தால் தெளிவாக இருக்கும், நூற்றுக்கணக்கான தீர்ப்புகள் அதைச் சுட்டியிருக்கும். ஆனால் அடுத்த வருடமே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. 2015 திருத்தத்தில் வந்த, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142(2)-ன்படி, கணக்கு மூலம் வசூலுக்குப் போட்ட காசோலை என்றால், பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் கிளையின் எல்லையில்தான் வழக்கு. 2015 ஜூன் 15 முதல் அதுதான் நிலை. அந்தத் தீர்ப்பை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை, சட்டம்தான் அதைத் தாண்டிப் போய்விட்டது. இலவசத் தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் இதைச் சொல்லும் சிவப்புக் கொடி எதுவும் இருக்காது.

இலவசமாகவே இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு, பத்து நிமிடம் ஆகும். இந்தியன் கானூனில் ஒவ்வொரு தீர்ப்புடனும் 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும். அதை அழுத்தினால், அந்தத் தீர்ப்பைச் சுட்டிய பிற்காலத் தீர்ப்புகள் வரும். வந்த பட்டியலை அப்படியே படிக்காதீர்கள். புதியது முதலில் வரும்படி மாற்றுங்கள், உச்ச நீதிமன்றம் மட்டும் என்று வடிகட்டுங்கள். பிறகு தேடல் பெட்டியில் அந்தத் தீர்ப்பின் எண் நிற்கும். அதை அழிக்காமல் பக்கத்தில் 'ஓவர்ரூல்டு' (பிந்தைய தீர்ப்பு இதைச் செல்லாது என்றது) என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். அடுத்த முறை 'அமெண்ட்மென்ட்', அதற்கடுத்து 'பெர் இன்க்யூரியம்' (சட்டத்தைக் கவனிக்காமல் சொன்ன தீர்ப்பு). மேலே சொன்ன வழக்கில், 2015 நவம்பரில் வந்த பிரிட்ஜ்ஸ்டோன் இந்தியா தீர்ப்பு இந்த வழியில்தான் கையில் சிக்கும். கடைசியாக, அந்தச் சட்டப் பிரிவை இந்தியா கோட் என்ற அரசின் சட்டத் தளத்தில் திறந்து, அடிக்குறிப்பில் எந்த ஆண்டு எந்தத் திருத்தம் என்று பாருங்கள். தீர்ப்புத் தேதிக்குப் பிறகு திருத்தம் வந்திருந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். கேஸ் கட்டில் சைட்டேஷனைச் சேர்க்கும் முன்பு இந்த மூன்றும் பழக்கமாகட்டும்.

இந்தியன் கானூனை நீங்கள் 'ஓட்டுகிறேன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், கூகுளில் தேடுவது போலத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. 2008-ல் தொடங்கிய தளம் அது. அதன் தேடல் மொழியைக் கற்றுக்கொள்ள அரை நாள் போதும். ஒரு சொற்றொடர் அப்படியே வேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஆண்ட், ஆர், நாட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் கடைசி எழுத்தை இரட்டித்து, எல்லாம் பெரிய எழுத்தில், இருபுறமும் இடைவெளி விட்டு எழுத வேண்டும். இரட்டிக்காமல் எழுதினால் அது சாதாரணச் சொல்லாகத்தான் போகும். மேம்பட்ட தேடல் பக்கத்தில் நீதிமன்றத்தையும் தேதி வரம்பையும் குறிக்கலாம். 

ஜாமீன் மனுக்களில் ஒரு புதுக் குழி இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு '482' என்றால் குற்ற நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கோருவது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். ரத்து கோருவது 528-க்குப் போய்விட்டது. பழைய 438 புது 482 ஆகிவிட்டது, பழைய 439 புது 483. வெறும் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்து வரும். முன்ஜாமீனுக்கான ஆங்கிலச் சொல்லோடு, பழைய எண்ணில் ஒரு தடவை, புது எண்ணில் ஒரு தடவை என்று தனித்தனியாகத் தேடுங்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தாக்கல் செய்வதற்கு இந்தியன் கானூன் பிரதி வேண்டாம். டிஜிட்டல் எஸ்சிஆர் என்று உச்ச நீதிமன்றமே தளம் நடத்துகிறது. 1950 முதலான அதிகாரபூர்வ அறிக்கைத் தொகுதிகள் அங்கே இலவசம்; 2024-ல் தொடங்கியபோதே 519 தொகுதிகளும், முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளும் இருந்தன. எஸ்சிஆரில் வந்த தீர்ப்புக்கு ஹெட்நோட்டும் (தலைப்பில் வரும் சுருக்கம்) உண்டு, அதுவும் அதிகாரபூர்வமானது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளமும், சென்னை உயர் நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்புத் தளமும் இருக்கின்றன. வழக்கு எண் தெரிந்தால் இவை அருமை. விஷயத்தை வைத்துத் தேடினால் பொறுமையைச் சோதிக்கும். ஆகவே, தேடுவதை இந்தியன் கானூனில் வைத்துக்கொள்ளுங்கள், பிரதியை நீதிமன்றத் தளத்திலிருந்து எடுங்கள். மதுரைக் கிளை வழக்கு என்றால் எண்ணில் 'எம்டி' என்று அடைப்புக்குறியில் வரும். அதை விட்டுவிட்டால் சென்னையில் அதே எண்ணுள்ள வேறொரு வழக்கு வந்து நிற்கும்.

இலவசப் பிரதியில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மானம் போவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்று, உள்தள்ளல். அசல் தீர்ப்பில் பழைய தீர்ப்பு ஒன்றிலிருந்து எடுத்த பகுதி உள்தள்ளி அச்சாகியிருக்கும். இணையப் பக்கமாக மாறும்போது அந்த உள்தள்ளல் போய்விடலாம். அப்போது வேறொரு நீதிபதி சொன்னதும், வழக்கறிஞர் வாதிட்டதும், இந்த நீதிமன்றம் முடிவாகச் சொன்னதும் ஒரே வரிசையில் நிற்கும். உங்களுக்குச் சாதகமான அழகான பத்தியை எடுத்து வாசிக்கிறீர்கள். இரண்டு பத்தி மேலே போனால் 'மனுதாரரின் கற்றறிந்த வழக்கறிஞர் வாதிட்டதாவது' என்று இருக்கும். நீங்கள் வாசித்தது தோற்றுப்போன வாதம். இந்தியன் கானூனில் தீர்ப்பை உண்மைகள், எழுவினாக்கள் (தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்), இரு தரப்பு வாதம், நீதிமன்றத்தின் காரணங்கள், முடிவு என்று வண்ணத்தில் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. அது கணினி செய்யும் பிரிப்பு, தவறும். ஆனால் எச்சரிக்கை மணிக்குப் போதும்.

இரண்டாவது, பத்தி எண். நீதிபதியிடம் 'பத்தி 23' என்பீர்கள். அவர் கையில் இருக்கும் எஸ்சிசி என்ற தனியார் தீர்ப்புத் தொகுப்பில் 23 வேறாக இருக்கும். பழைய தீர்ப்புகள் பலவற்றில் அசலில் பத்தி எண்ணே கிடையாது, பதிப்பாளர்கள் போட்டதுதான். இதன் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. எஸ்சிசியை வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் மோடக்குக்கும் நடந்தது, 2007 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து, யாரும் வெளியிடலாம். ஆனால் பதிப்பாசிரியர் எழுதிய ஹெட்நோட், அவர் பிரித்துப் போட்ட பத்தி எண்கள், தீர்ப்புகள் ஒத்துப்போகின்றனவா மாறுபடுகின்றனவா என்ற குறிப்புகள் போன்றவற்றை மற்றவர் அப்படியே எடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இலவசத் தளத்தில் எது இருக்காது, கட்டணத் தளத்தில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. நீங்கள் வாங்குவது பதிப்பாசிரியரின் உழைப்பை. ஆகவே 'எங்களிடம் இத்தனை லட்சம் தீர்ப்பு' என்று பிரதிநிதி சொல்லும்போது அசராதீர்கள். பத்தி எண் சிக்கலுக்கு, 2023 முதல் உச்ச நீதிமன்றம் கொடுக்கும் நடுநிலை எண்ணை, அதாவது ஆண்டு, ஐஎன்எஸ்சி, வரிசை எண் என்று வருவதை, எஸ்சிசி எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். பத்தியை முழுவதுமாகத் தட்டச்சு செய்து மெமோவில் வையுங்கள்.

இனி வாங்கும் விஷயம். எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா, ஏஐஆர் ஆன்லைன், கேஸ்மைன் என்று பல இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் விலை தொகுப்பைப் பொறுத்தது, பேரத்தையும் பொறுத்தது. பெயரைப் பார்த்து வாங்காமல், சோதனைக் கணக்கு கேளுங்கள். ஒரு வாரத்துக்காவது கொடுக்கத் தயங்கும் இடத்தில் பேச்சே வேண்டாம். சோதனைக் காலத்தில் புதிதாக எதையும் தேடாதீர்கள். விடை தெரிந்த கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

மின்னணுச் சாட்சியத்தில் ஷஃபி முகமது தீர்ப்பைத் திறங்கள். 2018-ல் வந்தது, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் (மின்னணு ஆவணத்தோடு சேர்க்கும் சான்று) எப்போதும் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் அதை ஓவர்ரூல் செய்துவிட்டார்கள். தளம் இதைப் பக்கத்தின் உச்சியிலேயே சொல்கிறதா, எங்கோ நாலாவது தாவலில் ஒளித்து வைத்திருக்கிறதா? அடுத்து தஷ்ரத் ரூப்சிங். சட்டத் திருத்தத்தால் நிலை மாறியதைக் குறித்திருக்கிறார்களா? ஓவர்ரூலைக் காட்டும் தளங்கள்கூட இதில் தடுமாறலாம். விபத்து வழக்குக்கு சர்லா வர்மா (2009) தீர்ப்பிலிருந்து பிரணய் சேத்திக்கு (2017 அக்டோபர் 31) ஒரே சொடுக்கில் போக முடிகிறதா பாருங்கள். வயதுக்கேற்ற பெருக்கெண் (மல்டிப்ளையர்) அட்டவணை முதல் தீர்ப்பிலும், எதிர்கால வருமான உயர்வும் மரபுத் தொகைகளும் இரண்டாவதிலும் இருக்கின்றன. (சொத்து இழப்புக்கு 15,000, துணை இழப்புக்கு 40,000, இறுதிச் சடங்குக்கு 15,000 என்ற அந்த மரபுத் தொகைகளை இன்றும் அப்படியே மனுவில் எழுதுபவர்கள் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை பத்து சதவீதம் கூட்டச் சொல்லியிருக்கிறது அதே தீர்ப்பு. எந்தத் தளமும் அந்தக் கூட்டலை உங்களுக்காகப் போடாது.)

அதன் பிறகு ஊர்ச் சோதனை. இதில்தான் டெல்லியை மனதில் வைத்துச் செய்த தொகுப்புகள் வழுக்கும். போன மாதம் மதுரைக் கிளையில் வந்த உத்தரவு ஒன்றைத் தேடுங்கள். சிடிசி (கரண்ட் தமிழ்நாடு கேசஸ்) எண் ஒன்றையும் எம்எல்ஜே (மெட்ராஸ் லா ஜர்னல்) எண் ஒன்றையும், அதாவது இங்குள்ள தீர்ப்பு இதழ்களின் எண்களைப் போட்டு, நேராகத் தீர்ப்பு திறக்கிறதா என்று பாருங்கள். கீழமை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு நீட்டுவது பெரும்பாலும் இந்த எண்களைத்தான். அதைத் திறக்க முடியாத தளம் உங்களுக்குப் பாதித் தளம். பிறகு தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தைத் திறங்கள். பண வழக்குக்கு ஏழரை சதவீதம் என்று காட்டினால் அது 2017-க்கு முந்தைய வாசகம்; அந்த ஆண்டுத் திருத்தத்தில் மூன்று சதவீதமாகக் குறைந்தது. வாடகைத் தகராறுக்கு 2017-ம் வருட நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம் இருக்கிறதா? 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேண்டுமென்றே வாடகை பாக்கி என்று தேடினால் 1960 சட்டத்தின் தீர்ப்புகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். எது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று வடிகட்ட வசதி இருந்தால், அது ஒன்றுக்காகவே சந்தா கொடுக்கலாம்.

இந்தச் சோதனைகளில் தேறியவற்றில் உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் மட்டும் உள்ள தொகுப்பைக் கேளுங்கள். வரித் தீர்ப்பாயங்கள், வெளிநாட்டுத் தீர்ப்புகள், கட்டுரை இதழ்கள், மற்ற உயர் நீதிமன்றங்கள் எதுவும் உங்கள் வழக்குப் பட்டியலுக்கு இப்போது வேண்டாம். கேரளத் தீர்ப்போ பம்பாய்த் தீர்ப்போ என்றைக்காவது வேண்டுமென்றால் இந்தியன் கானூன் இருக்கிறது. ஒரு வருடம் மட்டும் போடுங்கள். சொல்லும் விலையில் ஜிஎஸ்டி அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். 18 சதவீதம் தனியாக ஏறினால் அது முழுக்க உங்கள் கைச் செலவு. தனி வழக்கறிஞரின் சேவைக்கு வரி விலக்கு, அல்லது கட்சிக்காரர் வணிக நிறுவனம் என்றால் அவர் பக்கம் கட்டும் முறை என்பதால், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருப்பீர்கள். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. வருமான வரியில், செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை லாபமாகக் காட்டுகிறீர்கள் என்றால், சந்தாவைத் தனிச் செலவாகவும் கழிக்க முடியாது. 'வரியில் கழித்துக்கொள்ளலாம் சார்' என்று பிரதிநிதி சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கவில்லை என்றால், பக்கத்து மேசையில் இருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பல பயனர் உரிமம் கேளுங்கள். ஒருவர் வாங்கி கடவுச்சொல்லைச் சுற்றுக்கு விடுவது வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் திறந்தால் ஒருவரை வெளியே தள்ளிவிடும், அது வாதம் நடக்கும் நேரமாகத்தான் இருக்கும்; ஒப்பந்த மீறல் என்று கணக்கையே முடக்கவும் செய்யலாம். அதற்கும் முன்பு உங்கள் பாரில், அதாவது வழக்கறிஞர் சங்கத்தில், கேளுங்கள். சங்க நூலகத்தில் சந்தா இருந்தும் கணினியை யாரும் தொடாத பார்கள் இருக்கின்றன. இல்லையென்றால், நாற்பது உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நூலகச் சந்தா வாங்க மனு கொடுங்கள்.

ஏஐ பற்றி. பொதுவான உரையாடல் கருவியிடம் 'இதற்கு ஒரு சைட்டேஷன் கொடு' என்று மட்டும் கேட்காதீர்கள். அது தீர்ப்புக் களஞ்சியத்தில் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. சைட்டேஷன் எப்படி இருக்கும் என்ற அச்சைப் பார்த்து வார்த்தைகளைக் கோத்துத் தரவும் செய்யும். பெயர், ஆண்டு, பக்கம், பத்தி எல்லாம் கச்சிதமாக இருக்கும், வழக்கு மட்டும் இருக்காது. 2023 ஜூனில் நியூயார்க்கில் மாட்டா–ஏவியாங்கா வழக்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கட்டணத் தளங்களே இப்போது ஏஐ சேர்த்து விற்கின்றன. அவை சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பதால் இல்லாத வழக்கு வருவது குறையலாம். இருக்கிற வழக்கை மாற்றிச் சுருக்குவது குறையும் என்று நம்ப முடியாது. கூடுதல் காசு கொடுக்க வேண்டிய கட்டம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. தேடுவதற்கு வேறு ஆங்கிலச் சொற்கள் என்னென்ன என்று கேட்பதற்கும், நீங்கள் எழுதிய தேதி வரிசையைச் சரி பார்ப்பதற்கும் இலவசக் கருவி உதவும். கட்சிக்காரரின் ஆவணத்தையோ அவர் சொன்ன ரகசியத்தையோ அதில் ஏற்றாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் 132-ன் கடமை உங்கள் தலையில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தளத்தில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்புத் தீர்ப்புகளும் கணினி உதவியோடு வருபவைதான். கட்சிக்காரருக்கு விளக்கப் பயன்படுத்துங்கள். மேற்கோளுக்கு ஆங்கில மூலமே செல்லும்.

வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் ஒரு நோட்டு போடுங்கள். எந்த வழக்கு, எதைத் தேடினேன், இலவசத்தில் கிடைத்ததா, கிடைக்காதது என்ன, எத்தனை நிமிடம் என்று வழக்குக்கு ஒரு வரி. 'கிடைக்கவில்லை' என்ற இடத்தில் சிடிசி எண்களே நிரம்பினால் உங்களுக்கு வேண்டியது தமிழ்நாட்டு அறிக்கைகள் உள்ள தளம். 'நிற்கிறதா தெரியவில்லை' என்றே நிரம்பினால் நல்ல சிட்டேட்டர் (தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று காட்டும் வசதி) உள்ள தளம். அந்த நோட்டோடு பிரதிநிதியிடம் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

போன வார வழக்கில் வாதம் இன்னும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்பு அந்தத் தீர்ப்பை மேலே சொன்ன மூன்று படியில் ஓட்டிப் பாருங்கள். எதிர்த்தரப்பு சொன்னது சரியென்றால், எழுத்துபூர்வ வாதத்தில் அந்த சைட்டேஷனை வலியுறுத்தவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு, இப்போது நிற்கும் தீர்ப்பின் டிஜிட்டல் எஸ்சிஆர் பிரதியை இணையுங்கள். சில நேரம் எதிர்த்தரப்பு சொல்வதும் அரைகுறையாக இருக்கும்: ஒரு புள்ளியில் மட்டும் ஓவர்ரூல் ஆகியிருக்கும், உங்களுக்கு வேண்டிய புள்ளி வேறாக இருக்கும். அப்படியென்றால் எந்தப் பத்தி போனது, எந்தப் பத்தி நிற்கிறது என்று இரண்டு தீர்ப்பின் பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.